இரண்டு முறை தட்டினால்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

போன வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு வீட்டில் இருந்தவர்கள்: அடுப்படியில் நான். கூடத்தில் உன் அத்தான், லிப்ட் பழுது பார்க்கப் போகுமுன் கருவிப் பையைச் சரிபார்த்துக்கொண்டு. வாசற்படியில் மாடி வீட்டுத் தையல்காரம்மா, என்னிடம் வாங்கிப் போன கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். உள்ளறையில் நம் பிள்ளை மிளகு. ஆக நான்கு பேர். நான்கு பேர் இருந்த வீட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து குழந்தை வலிப்பில் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை. தையல்காரம்மா தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் இழுத்தது என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். எத்தனை தடவை வந்தது, எத்தனை மணிக்கு, எந்தக் கையில் தொடங்கியது என்று எல்லாம் நோட்டில் வைத்திருக்கிற எனக்கு இது மட்டும் தெரியவில்லை. வலது கை விரல்களில்தான் முதலில் துடிக்கும், பிறகுதான் உடம்புக்குப் பரவும் என்பதை மட்டும் சொன்னேன். அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். டாக்டரே பாராட்டினார்.

முதல் தடவை வந்தபோது ஆறு வாரம் டாக்டரிடம் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்தேன் என்று நீ போனில் போட்ட சத்தம் எனக்கு மறக்கவில்லை. "ஒன் ஆண்டவன் என்ன நரம்பு டாக்டரா?" என்று கேட்டாய். இப்போது மருந்து ஒரு வேளை தப்பாமல் போகிறது. ஆனாலும் வருகிறது. பிள்ளை குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "பேசிக்கிட்டே குளிடி" என்கிறேன். அவள் பாட்டுப் பாடுகிறாள். பாட்டு நின்றால் கதவைத் தட்டுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு அறை வீடு. எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழும். ஒன்பது வயதுக்கு என்ன காது அது! அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ கையில் கட்டும் பட்டை செய்கிறீர்கள் என்று ஒருமுறை சொன்னாயே. அது தயாராகிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் விட்டதா?

ஆண்டவன் உனக்குத் துணை இருக்கட்டும். நீ அவனை நம்பாவிட்டாலும்.
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதம் படித்த பிறகு தூக்கமும் போய்விட்டது. அத்தான் எப்படி இருக்கிறார்? அவர் ஒன்றும் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். லிப்டுக்குள் தனியாக நின்று அழுதுவிட்டு வருவார்.

பட்டை தயாராகிவிட்டது. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து பதினாறு பிள்ளைகளுக்குக் கட்டிச் சோதனை பார்க்கிறோம். உங்கள் டாக்டரிடம் பேசி மிளகைப் பதினேழாவதாகச் சேர்த்துவிட்டேன். பார்சலில் வரும். அவள் வலது கையில் கட்டு.

உள்ளே நகக்கண் அளவில் ஒரு சிப் இருக்கிறது. சாதாரண சிப் ஓயாமல் கணக்குப் போடும். ஒன்றும் நடக்காதபோதும் "ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்று நொடிக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டு மின்சாரத்தைத் தின்னும். இது மூளையைப் பார்த்துச் செய்தது. அடுப்படியில் நிற்கும்போது மின்விசிறிச் சத்தம் உன் காதில் விழுகிறதா? விழாது. நின்றுபோனால்தான் நிமிர்ந்து பார்ப்பாய். இதுவும் அப்படித்தான். கையின் அசைவில் மாற்றம் வந்தால் மட்டும் இதற்குள் இருக்கும் செயற்கை நரம்புகள் துடிக்கும். அதனால்தான் சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரியில் ஒரு வருஷம் ஓடுகிறது.

சந்தேகப்பட்டால் கூடத்தில் வைக்கிற சின்னப் பெட்டி கத்தும். நிஜமாகவே வலிப்பு என்றால் பட்டையை ஒருமுறை அழுத்திப் பிடி. ஒன்றுமில்லை என்றால் இரண்டு முறை தட்டு. அப்படித்தான் அது மிளகைப் படிக்கும். நீ சொல்லிக் கொடுப்பதுதான் அதற்குப் பாடம். இன்னொன்று: அது எதையும் பதிவு செய்யாது, எங்கேயும் அனுப்பாது. பழக்கம் மட்டும் மிஞ்சும், நடந்தது மிஞ்சாது. ஆகவே ஒவ்வொரு தடவை கத்தும்போதும் என்ன நடந்தது என்று நீ நோட்டில் எழுத வேண்டும். உன்னைப் போல எழுதுகிற ஆள் எங்கள் சோதனையில் வேறு யாரும் கிடையாது என்று எங்கள் கம்பெனிப் பெரியவரிடம் பெருமை அடித்திருக்கிறேன். மானத்தை வாங்காதே.

நாங்கள் வேலை செய்யும் கூடத்துக்குள் போன் வரக்கூடாது. அவசரம் என்றால் வாசல் அலுவலக எண்ணுக்குப் பேசு, கூப்பிடுவார்கள்.

அன்புடன், தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூவரும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். நீ இளைத்துப்போனதாக உன் போட்டோவைப் பார்த்து உன் அத்தான் சொன்னார். நிஜமா?

பட்டை வந்து ஒரு வாரம் ஆகிறது. வீடே தலைகீழ். பல் தேய்த்தால் கத்துகிறது. ரப்பர் வைத்து அழித்தால் கத்துகிறது. கயிறு தாண்டினால் தெருவே கேட்கக் கத்துகிறது. மாடியிலிருந்து தையல்காரம்மா, "என்னடி, ஒங்க வீட்ல பல்லி வளர்க்கிறீங்களா?" என்கிறாள். மிளகு விடுவாளா? "பல்லி இல்ல, எங்க மாமா. அங்கேர்ந்து கத்துறாரு" என்றாள்.

நானும் ஓடி ஓடிப் போய் இரண்டு தட்டு தட்டுகிறேன். முதல் நாள் முப்பத்தொரு தடவை. நேற்று பன்னிரண்டு. பல் தேய்ப்பதை இப்போது விட்டுவிட்டது. கைக்குழந்தை முகம் பழகுகிற மாதிரி இருக்கிறது. நோட்டைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி, மணி, காரணம், தட்டியது நானா அவரா என்பது வரை இருக்கிறது.

முதலில் அது கத்தும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது தம்பி. இப்போது அது கத்தாமல் இருந்தால் பயமாக இருக்கிறது. எந்தப் பயம் நல்லது என்று எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இளைக்கவில்லை, போட்டோ எடுத்தவன் சரியில்லை. மிளகுக்குப் புதுக் கயிறு அனுப்பியிருக்கிறேன். நன்றாகத் தாண்டட்டும்.

உன் நோட்டைப் பெரியவர் மேஜையில் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இவங்க என்னப்பா படிச்சிருக்காங்க?" என்றார். எட்டாவது என்றேன். "எட்டாவது படிச்சவங்களத்தான் இனிமே வேலைக்கு எடுக்கணும்" என்றார்.

கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. உன் கணக்கில் தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை ஒன்றுமே இல்லை. முதல் நாள் முப்பத்தொன்று வந்தபோதுகூட அந்த அரைமணி சுத்தம். அப்போது தூங்குகிறாளா?

எந்தப் பயம் நல்லது என்று கேட்டாய். யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை அக்கா.

அன்புடன், தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தானுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். நீ வெயிலில் அலையாதே.

முதலில் நல்ல செய்தி. ஏப்ரல் 28, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிஷம். மிளகு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பெட்டி கத்தியது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். விரல் மட்டும்தான் துடித்துக்கொண்டிருந்தது, உடம்புக்கு இன்னும் வரவில்லை! ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நாற்பது நொடி. இந்தத் தடவை டாக்டருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. பட்டையை அழுத்திப் பிடித்தபோது அதற்கு ஒரு முத்தம் கொடுத்தேன். சிரிக்காதே.

நீ கேட்ட அரைமணி: அந்த நேரம் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஓட்டம் ஆட்டம் கிடையாது.

நீ அனுப்பிய கயிறு நீளம். முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

ஆண்டவன் உன் கையை ஆசீர்வதிக்கட்டும்.
அக்கா


(மிளகு மாமாவுக்கு எழுதியது. உறைக்குள் வைக்கப்படாமல் அம்மாவின் நோட்டுக்குள் தங்கிவிட்ட சீட்டு.)

மாமா நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். கயிறு சூப்பர். அம்மா என் பேர்ல ஒரு வேண்டுதல் வச்சிருக்காங்க. தொண்ணூறு நாள் நானே என் கையால மணிமாலை உருட்டணும். ஆறு மணிக்கு. கட்டை விரலால ஒவ்வொரு மணியா தள்ளணும், வேகமா தள்ளுனா சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால நான் வேகமா தள்ளுவேன். அப்ப பெட்டி கத்தும். அம்மா கண்ணத் தொறக்காமலே ரெண்டு தட்டு தட்டுவாங்க. மறுபடி கத்தும். மறுபடி தட்டுவாங்க. மாமா இது சாமிக்குப் பிடிக்காத மெஷினா. இத மாமாகிட்ட சொல்லாதன்னு அம்மா சொல்லல. ஆனா சொன்னா நீங்க கத்துவீங்கன்னு சொன்னாங்க. பெட்டி மாதிரி.


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், அவருக்கு நீயே தேய்த்துவிடு. அவர் தேய்க்கமாட்டார்.

உட்கார்ந்து படி. பதினேழு பட்டைகளில் வீணாகக் கத்துவது மிகக் குறைவு மிளகின் பட்டைதான். மற்ற வீடுகளில் சலித்துப்போய்ப் பாதிப் பேர் பெட்டியைத் துணியால் மூடி வைத்துவிட்டார்கள். உன் பட்டையோ வீணாகக் கத்துவதும் இல்லை, உண்மையான வலிப்பைப் பிடித்தும் காட்டிவிட்டது. எங்கள் கூடத்தில் அதற்கு "நல்ல பிள்ளை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 28 பக்கத்தைப் படித்துக் காட்டினேன். துணியைப் போட்டுவிட்டு ஓடினேன் என்ற இடத்தில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

இந்த மாதிரி சிப்பில் ஒரு வசதி உண்டு. ஒன்று படித்ததை இன்னொன்றுக்குள் அப்படியே ஊற்றலாம். அடுத்ததாக அறுபத்திரண்டு புதுப் பட்டைகள் தயாராகின்றன. மிளகின் பட்டை படித்ததை அவற்றில் ஊற்றி, அங்கிருந்து அந்தந்தப் பிள்ளைக்குப் பழகவிடலாம் என்று முடிவு. அதற்காக ஒருவர் அங்கே வந்து உன் பட்டையைப் படித்து எடுத்துக்கொள்வார், ஐந்து நிமிஷ வேலை. உன் கை பட்டது அறுபத்திரண்டு வீட்டுக்குப் போகப்போகிறது அக்கா.

கூடவே ஒரு உறுதிச் சீட்டு வைத்திருக்கிறேன். "பட்டை எழுப்பிய எல்லா ஒலிகளும் இந்த நோட்டில் காரணத்துடன் எழுதப்பட்டுள்ளன" என்று இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றவர்களிடம் என்றால் யோசித்திருப்பேன். உன்னிடம் இது வெறும் சடங்கு.

அன்புடன், தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மருந்து தேய்க்கிறேன். நெடி தாங்காமல் மிளகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

உன் ஆள் வந்து போனார். நல்ல பையன், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பட்டையை ஏதோ ஒரு தட்டின் மேல் வைத்தார், முடிந்தது என்றார். இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான் என்றார்.

வீடு அமைதியாக இருக்கிறது. பெட்டி அநாவசியமாக வாய் திறப்பதில்லை. மே மாதத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை, ஜூனிலும் இதுவரை இல்லை. ஆண்டவன் காது கொடுத்துவிட்டான் என்றே நம்புகிறேன். நீ சிப் என்பாய். இருவருமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சீட்டில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று நாள் மேஜையிலேயே கிடந்தது, வேலை மும்முரம்.

நீ நேரத்துக்குத் தூங்கு.
அக்கா


ஜூலை 9

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபது. வீட்டில் நான், உன் அத்தான், மிளகு. வேறு யாரும் இல்லை. பெட்டி கூடத்தில் இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டை அவள் கையில் இருந்தது. மிளகு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன். பட்டை வந்த பிறகு நிற்பதை விட்டுவிட்டேன்.

பெட்டி கத்தவில்லை.

உன் அத்தான் வாளி எடுக்கத்தான் போனார். அவர் போட்ட சத்தம் மனுஷர் போட்ட சத்தமாக இல்லை. நான் போனபோது அவள் தொட்டிக்குள் இருந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுதான். முகம் அதற்குள். அவர் தூக்கிவிட்டார். நீலம் பாரித்திருந்தது. தலைகீழாகப் பிடித்தார், முதுகில் தட்டினார், தண்ணீர் வந்தது, பிறகு அழுகை வந்தது. உதடு கிழிந்து மூன்று தையல். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நேற்று வீட்டுக்கு வந்தாள். "அம்மா, நான் குதிச்சேனா?" என்கிறாள்.

தொட்டியிலிருந்து எடுத்தபோதும் வலது கை விரல்கள் துடித்துக்கொண்டேதான் இருந்தன. கட்டை விரல் மற்ற விரல் மேல் போய்ப் போய் வந்தது. நான் அதைப் பார்த்தேன். பெட்டியையும் பார்த்தேன். பச்சை விளக்கு.

இந்தச் சிப் மறந்துபோகுமா தம்பி? ஏப்ரலில் தெரிந்த ஒன்று ஜூலையில் அதற்குத் தெரியாமல் போகுமா? உன் அத்தான் பெட்டியை உடைக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "அத ஒடைக்காதீங்க. அது மேல தப்பில்ல" என்று என் வாயில் வந்துவிட்டது. "அப்ப யார் மேல?" என்றார். நான் சோறு வைக்கப் போய்விட்டேன்.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டியை மூடியாகிவிட்டதா? தையல் எப்போது பிரிக்கிறார்கள்? அத்தான் வேலைக்குப் போகிறாரா, பேசுகிறாரா? எனக்கு இரண்டு வரியாவது போடு. நேரில் வர விடுப்புக் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

நீ அனுப்பிய பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரி சரி. சிப் சரி. எதுவும் பழுதில்லை. அதுதான் எனக்குப் பயம். உள்ளே இருக்கும் செயற்கை நரம்புகளில், வலது கையின் சிறிய, சீரான, நொடிக்கு இரண்டு மூன்று துடிப்பைக் கேட்க வேண்டிய இடம் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. மரத்துப்போன மாதிரி. தானாக இப்படி ஆகாது. "இது ஒன்றுமில்லை" என்று யாரோ பொறுமையாக, நூற்றுக்கணக்கான தடவை சொல்லிக் கொடுத்தால்தான் ஆகும். அது என்ன அசைவு என்று சிப் சொல்லாது. அதற்கு நினைவில்லை, பழக்கம் மட்டும்தான். உன் நோட்டை மூன்று தடவை படித்தேன். அதில் அப்படி ஒன்று இல்லை.

அக்கா, தினமும் அவள் வலது கையால் செய்கிற, நீ இரண்டு தட்டுத் தட்டுகிற ஏதாவது உண்டா? நோட்டில் எழுதாதது? நான் கோபிக்கமாட்டேன். என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தோன்றுகிறது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியவரிடம், பட்டைக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் போகவில்லை. வரும் வாரத்திலிருந்து அறுபத்திரண்டு பட்டைகளும் வீடுகளுக்குப் போகின்றன. நிறுத்து என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு பட்டை ஒரு தடவை தவறிவிட்டது என்றால் போதாது. எப்படிக் கெட்டது என்று சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

உன் பதிலுக்காக, தம்பி


ஜூலை 27

அக்கா,

சுகம்தானே? பதில் இல்லை. வியாழக்கிழமை நீ வாசல் அலுவலகத்துக்குப் போன் செய்தாய் என்று வெள்ளை அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். இருமல் இருக்கா என்றாய். இல்லை என்றேன். வைத்துவிட்டாய்.

இன்றுவரை நாற்பது போய்விட்டன.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

மிளகுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். உன் அத்தான் வேலைக்குப் போகிறார். தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். இப்போது காலை பத்து மணி. மிளகு என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைகிறாள், இடது கையால். அவள் வலது கை மணிக்கட்டை என் இடது கையில் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பட்டை இல்லாத இந்த நாட்களில் இப்படித்தான் இருக்கிறோம். "வியர்க்குதும்மா, விடு" என்கிறாள். விடமாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆம்.

மார்ச் 26-ஆம் தேதி தொடங்கி ஜூன் 23 வரை, தொண்ணூறு நாள், தினமும் ஆறு மணிக்கு அவளை மணிமாலை உருட்டவைத்தேன். அவள் கையாலேயே உருட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வலது கை, கட்டை விரல், ஒவ்வொரு மணியாகத் தள்ளுவது. பெட்டி கத்தியது. வலிப்பு தொடங்கும்போது விரல் போகிற மாதிரியே இருந்ததால்தான் கத்தியது. அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பிரார்த்தனை நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று கண்ணை மூடியபடியே தட்டினேன்.

நோட்டில் எழுதாத கணக்கு இது. ஜெபச் சுற்று எண்ணும் தாளில், தட்டிய தடவைக்கு ஒன்றாக ஜெபம் முடிந்ததும் புள்ளி வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், குத்துமதிப்பு இல்லை. முதல் பத்து நாள், நாளுக்கு எட்டு, ஒன்பது தடவை. ஏப்ரல் முடியும்வரை நாளுக்கு ஐந்து. மே முழுக்க நாளுக்கு மூன்று, சில நாள் இரண்டு. ஜூன் 9 கடைசித் தடவை. அதற்கப்புறம் பிரார்த்தனை நேரத்தில் அது கத்தவே இல்லை. எல்லாம் கூட்டினால் முந்நூற்று இருபத்தாறு. நிஜம் என்று நான் அழுத்திப் பிடித்தது ஒரே ஒரு தடவை.

ஜூன் 9-ஆம் தேதி அது பேசாமல் ஆனபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வேண்டுதல் பலித்துவிட்டது, ஆண்டவன் அதற்கும் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். தரையில் விழுந்து கும்பிட்டேன். உன் ஆள் வந்து படித்து எடுத்துக்கொண்டு போனது ஜூன் 11. ஆக, அடங்கிப்போனதைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் எழுதவில்லை என்றால், நீ சிரிப்பாய் என்றுதான். நிறுத்து என்பாய், நிறுத்தினால் வேண்டுதல் முறிந்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் இந்தப் பயம் எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் அவள் விரலைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். உன் பெயர் கெடும், உன் வேலை போகும், உன் அத்தான் முகத்தில் விழிக்க முடியாது என்று இருபத்தெட்டு நாள் ஓட்டினேன். உன்னிடம் போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். கருவிப் பையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த நாப்பது வீட்லயும் இப்ப யாரும் பக்கத்துல நிக்கமாட்டாங்க, இல்ல?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவிடவில்லை. ஓட்டுநர் ஒருவர் அந்தப் பக்கம் போகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறார். நாளை மதியம் உன் வாசல் அலுவலகத்துக்கு வந்துவிடும்.

நான் கையெழுத்துப் போட்ட சீட்டு பொய். இந்தக் கடிதத்தை அப்படியே பெரியவரிடம் கொடு. என் பெயரால் கொடு. தண்ணீர் போனது என்று சொன்னாயே, அதையும் திருத்திச் சொல். என்னை வந்து நிற்கச் சொன்னால் வந்து நிற்பேன்.

பிரார்த்தனையை நான் விடவில்லை. மிளகை உட்காரவைப்பதில்லை. நான் மட்டும் உட்கார்கிறேன். எனக்காகக் கேட்பதற்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை முகம் தெரியாமல் கேட்கிறேன். யார் எந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறதோ.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு நலம் விசாரித்து எழுத வேண்டாம். போனதில் எத்தனை பட்டைகளைத் திரும்ப வாங்கினாய், அதுவரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள் என்று எத்தனை வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, இந்த இரண்டு எண்கள் மட்டும் போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா